ஓடிய நிமிடம்

அப்பாவின் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்ற மூன்று பேர் தேவைப்பட்டார்கள். தலை நாற்காலியின் பக்கப் பலகையில் சாய்ந்து, இடையில் அந்தக் கறுப்புக் கிண்ணம் நசுங்கி மாட்டிக்கொண்டிருந்தது. கீழ்த்தளத்து டாக்டர் தலையைத் தூக்கினார், வாட்ச்மேன் தோளைப் பிடித்துக்கொண்டார், பெரியவள் பட்டையை இரண்டு கையாலும் அகட்டி மேலே இழுத்தாள். வந்துவிட்டது. காது இரண்டும் சிவந்து மடங்கியிருந்தன. அவற்றை நிமிர்த்திவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள், தொடவில்லை.

வயரின் மறுமுனை சட்டைப் பைக்குள் போயிருந்தது. உள்ளே போன் இருக்கும், கனமாக வரும் என்று நினைத்து இழுத்தாள். வயர் சும்மா வந்தது. நுனியில் போன் இல்லை. போனில் செருகுகிற ஊசிகூட இல்லை. ஊசி இருக்க வேண்டிய இடத்தில் உடைந்த பிளாஸ்டிக்கும் இரண்டு செம்புக் கம்பிகளும் நீட்டிக்கொண்டிருந்தன.

"பாட்டு கேட்டுக்கிட்டே போயிருக்கார்," என்றார் வாட்ச்மேன். "நல்ல சாவும்மா. யாருக்கும் தொந்தரவு இல்லாம அவர் பாட்டுக்குப் போயிட்டார்."

பெரியவள் வயரைச் சுருட்டி உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். டாக்டர் சான்றிதழ் எழுத உட்கார்ந்தார்.

"எத்தனை மணிக்கு இருக்கும் டாக்டர்?"

"இப்போ பத்து. எட்டரைலருந்து ஒன்பதரைக்குள்ள இருக்கலாம்."

"சரியா சொல்ல முடியாதா?"

"சரியா சொல்லி என்னம்மா ஆகப்போகுது? இதயம் நின்னுருக்கு. கஷ்டப்பட்டிருக்க மாட்டார்."

"இல்ல, ஒன்பது மணிக்கு..."

"ஒன்பது மணிக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல டாக்டர்."

ஒன்பது மணிக்கு என்ன என்பது அவளுக்குத்தான் தெரியும். ஒன்பது மணிக்கு மேல் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, கையில் சாப்பாட்டு டப்பாவின் மூடியை வைத்துக்கொண்டு, அப்பாவின் பின்னந்தலையைப் பார்த்து, "எப்பத்தான் போய்ச் சேருவீங்க?" என்று ஆரம்பித்தாள். ஆரம்பித்தது மட்டுமா? பத்து நிமிடம் பேசினாள். வேலை பார்க்கிற இடத்துப் பல் டாக்டரம்மா வேறு ஊரில் புது க்ளினிக் திறக்கிறார், நீயே வந்து பொறுப்பாகப் பார்த்துக்கொள் என்கிறார், இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், என்ன பதில் சொல்ல, இந்தக் கட்டையைக் கட்டிக்கொண்டு எங்கே போக, நீங்கள் போனால்தானே நான் போக முடியும், அம்மா புண்ணியவதி முன்னாலேயே தப்பித்துக்கொண்டாள், எனக்கு மட்டும் விமோசனமே கிடையாதா என்று ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தாள். தீர்த்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு, மாத்திரை எடுத்துக்கொடுக்க முன்னால் போய்ப் பார்த்தபோதுதான் அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது.

எட்டரை என்றால் பிணத்தைத் திட்டியிருக்கிறாள். ஒன்பதரை என்றால் உயிரைத் திட்டியிருக்கிறாள். பிணத்தைத் திட்டியவள் என்ற பெயரோடு எப்படியாவது காலத்தை ஓட்டிவிடலாம். அப்பா ஒரு மணி நேரம் முன்னதாகவே செத்திருக்க வேண்டும் என்று பெரியவள் தன் நாற்பத்துமூன்று வயதில் மனமுருகி வேண்டிக்கொண்டாள்.

ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அவள் ஒருநாளும் அப்பாவை அவர் காதுபடத் திட்டியவள் இல்லை. காதுபட அவருக்கு முன்னால் யாரும் எதுவும் பேசியதில்லை. அவர் டப்பாவுக்குத் தகர மூடி அடிக்கிற தொழிற்சாலையில் முப்பத்தாறு வருஷம் இருந்தவர். பதினான்கு இயந்திரங்கள் நாள் முழுக்கத் தகரத்தைக் குத்திக்கொண்டே இருக்கும். மற்றவர்களுக்கெல்லாம் காது போனது. இவர் முதல் நாளிலிருந்து பஞ்சு வைத்துக்கொண்டு தன் காதைக் காப்பாற்றிக்கொண்டார். காப்பாற்றிய காதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்ததும், ஒரு சத்தம் கூடாது. ரேடியோ கூடாது. கரண்டி கீழே விழக்கூடாது. இரண்டு பெண்களும் அவர் வீட்டில் இருக்கும்போது கிசுகிசுத்தே வளர்ந்தார்கள். சின்னவள் கல்யாணம் செய்துகொண்டு போய் வாயைத் திறந்தாள். பெரியவளுக்கு வந்த இரண்டு வரன்களையும் அவர் வேண்டாம் என்றார். அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் கிசுகிசுக்கவும் ஆள் இல்லை. பல் ஆஸ்பத்திரியில் வருகிறவர்களிடம் நாள் முழுக்க "வாயைத் திறங்க, இன்னும் பெருசா" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து தன் வாயை மூடிக்கொண்டாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சின்னவள் இந்த ஹெட்போனைக் கொண்டுவந்து கொடுத்தாள். போனில் பாட்டு ஏற்றிக்கொடுத்தது அவள் புருஷன், மாப்பிள்ளை. கிழவர் தூக்கிப் போட்டுவிடுவார் என்று பெரியவள் நினைத்தாள். அவரோ அதை மாட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தவர், சாப்பிடக் கூப்பிட்டாலும் திரும்பவில்லை. அறுபத்தெட்டு வயதில் பாட்டுப் பைத்தியம் பிடித்துவிட்டது. காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் மத்தியானம்வரை அந்தப் பின்னந்தலையும் அதன்மேல் ஒரு கறுப்புப் பட்டையும்தான். பக்கத்தில் நின்று பாத்திரத்தைப் போட்டாலும் கேட்பதில்லை.

இதைக் கண்டுபிடித்த நாளில்தான் பெரியவளுக்கும் வாய் முளைத்தது. முதலில் ஒரு வார்த்தை, பிறகு ஒரு வாக்கியம், அப்புறம் தினமும் ஒன்பது மணிக்கு டப்பா கட்டுகிற நேரத்தில் அது பாட்டுக்கு வரும். எல்லாவற்றையும் அந்தப் பின்னந்தலையிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினால் நெஞ்சு லேசாக இருக்கும். உண்மையைச் சொன்னால் அந்த இரண்டு வருஷமும் இருவருக்குமே நல்ல காலம். அவருக்குப் பாட்டு கிடைத்தது, இவளுக்குக் கேட்காத ஒரு காது கிடைத்தது.

அந்தக் காதின் ஊசிதான் இப்போது உள்ளங்கையில் இல்லை.

டாக்டர் போனதும் போனைத் தேடினாள். மேஜை இழுப்பறையில் கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. சார்ஜ் இல்லாமல் அணைந்து எத்தனையோ நாள் ஆகியிருக்க வேண்டும், மேலே தூசி படிந்திருந்தது. அவருக்குப் போன் செய்கிறவர்கள் கிடையாது. சின்னவள்கூட அக்காவின் போனுக்குத்தான் கூப்பிடுவாள். ஹெட்போன் செருகுகிற துளையை விளக்கடியில் திருப்பிப் பார்த்தாள். உடைந்த ஊசி உள்ளேயே இறுகி உட்கார்ந்திருந்தது.

ஞாபகம் வந்துவிட்டது. போன மாதம் ஆறாம் தேதி தரை துடைக்கும்போது அவள்தான் வயரைக் காலால் இழுத்தாள். போன் தடாலென்று விழுந்தது. அப்பா குனிந்து எடுத்தார், பார்த்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கு அவர் திட்டாமல் விட்டது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. மறுநாள் காலை வழக்கம்போல மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், இவளும் வழக்கம்போல ஆரம்பித்தாள்.

ஆறாம் தேதியிலிருந்து இன்றுவரை என்னென்ன சொன்னாள் என்று நினைத்துப் பார்க்கத் தொடங்கினாள். சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள்.

ஒரு மணிக்குச் சின்னவள் வந்தாள். லிப்ட் கதவு திறந்ததிலிருந்தே அழுகை கேட்டது. வந்து, கூடத்தில் கிடத்தியிருந்த அப்பாவின் கால்மாட்டில் விழுந்து, "அடுத்த வாரம் வரேன்னுதானே சொன்னேன், ஒரு வாரம் பொறுக்கக் கூடாதா" என்று கதறினாள். மாப்பிள்ளை அவள் முதுகைத் தட்டிக்கொண்டே வண்டி நாலு மணிக்கு வருமா என்று பெரியவளிடம் கேட்டார்.

"வரும். சொல்லியாச்சு."

"நீ குடுத்துவச்சவக்கா," என்றாள் சின்னவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "கடைசிவரைக்கும் கூடவே இருந்த. எனக்கு அந்தப் பாக்கியம் இல்ல."

பெரியவள் அவளுக்கு ஒரு தலையணையைக் கொண்டுவந்து போட்டாள்.

அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். அப்பாவின் தங்கையான அத்தை வந்ததும் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள், மூட்டு வலி. தொழிற்சாலையில் அப்பாவோடு இருந்த கிரீஸ் மாமா வந்தார். எந்நேரமும் கையில் கிரீஸ் இருக்கும் என்பதால் அந்தப் பெயர், உண்மைப் பெயர் அவர் மனைவிக்கே மறந்திருக்கும். பக்கத்து வீட்டம்மாவும் வந்தாள். இந்த வீட்டுக் கூடத்துக்கும் அவள் வீட்டுச் சமையலறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஆறு மாதத்துக்கு முன்னால் லிப்டில் பெரியவளைப் பார்த்து, "உங்க வீட்ல காலைல டிவி சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கேம்மா" என்று சிரித்தாள். இவர்கள் வீட்டில் டிவி கிடையாது. அன்றிலிருந்து பேச்சு இல்லை.

நாற்காலியை ஓரமாகத் தள்ளி ஆட்களுக்கு இடம் பண்ணலாம் என்று மாப்பிள்ளை அதைத் தூக்கியபோது மெத்தைக்கும் பலகைக்கும் இடையிலிருந்து ஒரு நீள நோட்டு விழுந்தது. நடுவில் பேனா செருகியிருந்தது.

"இது ஷிப்ட் புக்காச்சே," என்றார் கிரீஸ் மாமா. "ரிட்டயர் ஆகறப்ப ஒரு கட்டு எடுத்துட்டு வந்தார் மனுஷன்."

சின்னவள் பிரித்தாள். ஒவ்வொரு பக்கத்திலும் தொழிற்சாலையில் அச்சடித்த நாலு கட்டம். நேரம், இயந்திரம், ஓடிய நிமிடம், குறிப்பு. 'இயந்திரம்' என்பதைப் பக்கத்துக்குப் பக்கம் பேனாவால் அடித்துவிட்டு மேலே 'பாட்டு' என்று எழுதியிருந்தார்.

"அய்யோ, பாட்டு நோட்டுக்கா," என்றாள் சின்னவள். "கேட்டதையெல்லாம் எழுதிவச்சிருக்கார்."

பெரியவளுக்கு நோட்டு இருப்பது தெரியும். பாட்டுக் கணக்கு எழுதுகிறார் கிழவர் என்று நினைத்துக்கொள்வாள், பிரித்துப் பார்த்ததில்லை. இப்போது அவள் நினைப்பெல்லாம் ஒன்றுதான். ஆறாம் தேதிக்குப் பிறகு அதில் ஒன்றும் இருக்காது. பாட்டு இல்லை, எழுத என்ன இருக்கிறது?

"அப்புறம் பாத்துக்கலாம்," என்றாள்.

"படிக்கட்டும் விடு," என்றாள் அத்தை. "எங்கண்ணன் மனசுல என்ன இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும். வாயே திறக்க மாட்டான்."

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தாள். பாட்டை எல்லோரையும் போல முதல் வரியை வைத்துத்தான் குறித்திருந்தார். முதல் நாள், 'விளக்கணைத்த வீதியிலே'. ஓடிய நிமிடம் நான்கு.

"'பஸ்ஸில் ஆயிரம் தடவை காதில் விழுந்த பாட்டு. இன்று மாட்டிக் கேட்டால், பின்னால் ஒருத்தர் வயலின் வாசிக்கிறார். இத்தனை வருஷமாக அவர் அங்கேயே இருந்திருக்கிறார். எனக்கு யாரும் சொல்லவில்லை.'"

கூடத்தில் யாரோ மெல்லச் சிரித்தார்கள். அந்த மாதிரிச் சிரிப்பு சாவு வீட்டில் நல்லது, அழுகைக்கு நடுவில் மூச்சு விட்டுக்கொள்ள உதவும்.

"'அதே பாட்டு. பதினோராவது முறை. மூன்றாவது அடிக்கு முன்னால் பாடுகிறவர் மூச்சை இழுக்கிறார். அதைக் கேட்பதற்காகவே மறுபடி வைத்தேன்.'

'புல்லாங்குழல் மட்டும். பதினேழு நிமிடம். எட்டாவது நிமிடத்தில் மெஷின் நின்றுவிட்டது என்று பயந்து எழுந்துவிட்டேன். அவ்வளவு அமைதி. பாட்டுக்குள்ளேயே அமைதி இருக்கும் என்று தெரியாது.'

'இது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொல்வதிலும் ஒரு சுகம் இருக்கிறது.'

'முப்பத்தாறு வருஷம் காதில் பஞ்சு. ரிட்டயர் ஆன அன்று எடுத்துவிட்டதாக நினைத்தேன். எடுக்கவில்லை.'"

பெரியவள் அந்த நோட்டை எட்டிப் பார்த்தாள். இந்த மனிதர் யார்? ஒரே கூரையின் கீழ், ஒரே பாத்திரத்தில் ஆக்கிய சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தவருக்கு இப்படியெல்லாம் பேசத் தெரியுமா? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை திரும்பிப் பார்த்து அவளிடம் சொல்லியிருந்தால் அவளும் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வயலின்காரரைக் கேட்டிருப்பாளே. ஆத்திரமாக வந்தது. செத்தவர்மீது ஆத்திரப்படுவதற்கும் ஒரு நேரம் காலம் இல்லையா என்று தன்னையே கடிந்துகொண்டாள்.

"வேலைல இருந்தப்பவும் இப்படித்தான்," என்றார் கிரீஸ் மாமா. "மெஷின் ஓட ஆரம்பிச்ச நொடியே நேரத்தையும் பேரையும் எழுதிடுவார். நின்னதுக்கு அப்புறம்தான் நிமிஷமும் குறிப்பும். அப்புறம் எழுதிக்கலாம்னு ஒருநாள் வச்சதில்ல. உங்கப்பா நோட்ல பொய் இருக்காதும்மா."

சின்னவள் கொத்தாகப் பக்கங்களைத் தள்ளினாள். "போன மாசத்துக்கு வந்துட்டேன். ஆறாம் தேதி ஒண்ணும் எழுதல."

பெரியவள் மூச்சை விட்டாள்.

"ஏழாம் தேதி இருக்கு. நேரம் ஒன்பது மூணு. 'எத்தனை தடவை சொல்றது'. ஓடிய நிமிடம் ஆறு." சின்னவள் நோட்டைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் படித்தாள். "'இன்று கருவி எதுவும் இல்லை. குரல் மட்டும். பெண் குரல். கொஞ்சம் கரகரப்பு. இத்தனை வருஷம் இந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.'"

"எந்தப் படம்?" என்றாள் அத்தை.

"படம் போடல அத்தை."

"கேட்டிருக்கேன்," என்றார் கிரீஸ் மாமா, தலையை ஆட்டிக்கொண்டு. "பழைய பாட்டு. நல்லா இருக்கும்."

பெரியவள் முன்னால் நகர்ந்தாள். "குடு, நான் படிக்கறேன்," என்று கையை நீட்டினாள்.

"நீ தினமும் கூட இருந்தவ. இன்னிக்கு ஒரு நாள் நான் படிக்கறேனே," என்று சின்னவள் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். மற்றவர்கள் பெரியவளைப் பார்த்த பார்வையில் 'விட்டுக்கொடேன்' என்பது இருந்தது. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எட்டாம் தேதி. 'கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்களே'. எட்டு நிமிடம். 'மூச்சே எடுக்காமல் பாடுகிறாள். ஒரு இடத்தில் அழுகை வந்திருக்க வேண்டும், வரவில்லை. அடக்கியது தெரிகிறது. நல்ல பயிற்சி.'"

"சாமிப் பாட்டு," என்றாள் அத்தை. "கல்லா இருக்கற சாமியப் பாத்துப் பாடறது. வயசாயிட்டா அந்தப் பக்கம் மனசு போயிடும்."

பக்கத்து வீட்டம்மா அதுவரைக்கும் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இப்போது திரும்பினாள். மெதுவாக, முழுசாகத் திரும்பிப் பெரியவளைப் பார்த்தாள். காலையில் சமையலறையில் நிற்கும்போது சுவர் வழியாக வருவதையெல்லாம் அவளும்தானே ஒன்றரை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் உதட்டோரம் ஏதோ ஓடி மறைந்தது.

"இன்னும் படிம்மா," என்றாள் சின்னவளிடம். "நல்லா இருக்கு."

"'எனக்குன்னு என்ன இருக்கு இந்த வீட்ல'. ஐந்து நிமிடம். 'நேற்றையதைவிடச் சுருதி ஏறிவிட்டது. ஆனால் பொய் இல்லை.' அடுத்தது, 'ஞாயிறு. பாட்டு இல்லை. பொழுது போகவில்லை.'" சின்னவள் கண்ணீரோடு சிரித்தாள். "ஞாயித்துக்கிழமை அவருக்கு என்ன லீவாம்? பாவம். ஆங், இதைக் கேளுங்க. 'அவ மட்டும் மகராசி'. ஒன்பது நிமிடம். கல்யாணப் பாட்டு போல. 'இது நியாயமான பாட்டு. இளையவளைப் பற்றியது. இரண்டு முறை வரும் அடியில் குரல் உடைந்தது. யாரும் கேட்கவில்லை என்று நினைத்துப் பாடுகிறவர்கள்தான் நன்றாகப் பாடுகிறார்கள்.'"

"அருமையா எழுதியிருக்கார்," என்றார் மாப்பிள்ளை.

"எங்கண்ணனுக்கு இவ்வளவு ரசனையா," என்று அத்தை மூக்கைச் சிந்தினாள்.

பெரியவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வரியும் அவள் வாயிலிருந்து போனது. எந்தக் காலை, எந்தப் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டு, எந்த வயிற்றெரிச்சலில் சொன்னது என்று எல்லாம் தெரிந்தது. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, திரும்பாமல், நேரம் போட்டு எழுதிக்கொண்டு இருந்திருக்கிறார். பழிவாங்கினாரா, ரசித்தாரா? ரசித்திருந்தால் அது இன்னும் மோசம். திரும்பி ஓர் அறை விட்டிருக்கலாமே. அப்போது அவள் வாயை மூடியிருப்பாள். நாற்பது நாளாகப் பெற்ற மகள் நெஞ்சைப் பிளந்துகொண்டு நிற்க, இந்த மனிதர் மூச்சு எங்கே எடுக்கிறாள் என்று பார்த்திருக்கிறார். அவளுக்கு அவரை உலுக்கி எழுப்பிக் கேட்க வேண்டும் போல இருந்தது. இரண்டு முழம் தள்ளித்தான் கிடந்தார்.

ஆனால் அதெல்லாம் பிறகு. இப்போது அவளுக்குத் தெரிய வேண்டியது இன்றைக்கு மட்டும். பேனா செருகியிருந்த பக்கம். எட்டரையா, ஒன்பதரையா. அந்தப் பக்கம் காலியாக இருந்தால் போதும், மற்ற நாற்பது நாளையும் எப்படியாவது சுமந்துகொள்வாள். நேற்றுவரை சொன்னதெல்லாம் புலம்பல். புலம்பலை எந்தத் தகப்பனும் மன்னிப்பான். இன்று காலை சொன்னது அப்படி இல்லை.

"போதும்," என்றாள் பெரியவள். "வண்டி வர நேரமாச்சு."

"இன்னும் ஒரு பக்கம்தான்க்கா."

சின்னவள் திருப்பினாள். பிறகு மிகவும் தணிந்த குரலில், "இன்னிக்குத் தேதி," என்றாள்.

கூடத்தில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"ஒன்பது நாலு. 'எப்பத்தான் போய்ச் சேருவீங்க'." விரலை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தினாள். "அவ்வளவுதான். ஓடிய நிமிடம் போடல. குறிப்பும் எழுதல."

கிரீஸ் மாமா கைக்குட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ஓட ஆரம்பிச்சதும் எழுதியிருக்கார். அது நிக்கறதுக்குள்ள இவர் நின்னுட்டார்."

டாக்டரால் ஒரு மணி நேரத்துக்குள் என்றுதான் சொல்ல முடிந்தது. அப்பா நிமிட சுத்தமாக எழுதிவைத்திருந்தார். கேட்டார். உயிரோடு இருந்தார், கேட்டார், கேட்டதைக் கையால் எழுதவும் எழுதினார். எத்தனை நிமிடம் கேட்டார் என்பதுதான் காலியாக இருந்தது. பத்து நிமிடத்தில் எந்த இடத்தில்? அம்மா தப்பித்துக்கொண்டாள் என்றபோதா, கட்டை என்றபோதா? பெரியவள் அந்தக் காலிக் கட்டத்தையே பார்த்தாள். இனி வாழ்நாள் முழுக்க அதைத் தானேதான் நிரப்பிக்கொண்டிருக்க வேண்டும் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

"பாத்தியா," என்றாள் அத்தை. "பயணம் போறவங்களப் பத்தின பாட்டு. அதைக் கேட்டுக்கிட்டே போயிருக்கான். இப்படி ஒரு சாவு யாருக்குக் கிடைக்கும்?"

சின்னவள் தன் போனை எடுத்துத் தேடினாள். "வண்டில ஏத்தறப்ப இந்தப் பாட்டையே போடலாம். அப்பா பாதிலதானே விட்டுட்டுப் போனார்." தட்டினாள், மறுபடி தட்டினாள். "கிடைக்கலையே. அக்கா, உனக்குத் தெரியுமா இது? யார் பாடினது?"

பெரியவள் நோட்டை எட்டி எடுத்து மூடினாள்.

"போன்ல கிடைக்காதும்மா," என்றாள் பக்கத்து வீட்டம்மா. குரலில் அப்படி ஒரு பரிவு. "வெளில யாருக்கும் தெரியாத பாட்டு. ஆனா உங்க அக்காவுக்கு முழுசாத் தெரியும். தினமும் பாடறவதான். காலைலகூடப் பாடினா, சுவத்துக்கு அந்தப் பக்கம் எனக்கே நல்லாக் கேட்டுச்சு."

"நிஜமாவா?" சின்னவள் திரும்பிப் பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த முகத்தில் அவ்வளவு ஆச்சரியம், அவ்வளவு அன்பு. "நீ பாடுவியாக்கா? எனக்குத் தெரியவே தெரியாதே. அப்ப அந்தப் பொம்பளை குரல், அது நீயா? உன் பாட்டைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தாரா?"

"கொடுத்துவச்சவன்டி," என்று அத்தை உடைந்து அழுதாள். "பெத்த பொண்ணு பாடக் கேட்டுக்கிட்டே கண்ண மூடியிருக்கான்."

"பாடும்மா," என்றார் கிரீஸ் மாமா.

"பாடேன்," என்றாள் பக்கத்து வீட்டம்மா. "கூச்சப்படாத. நாங்கதானே இருக்கோம். அவர் கேக்காம விட்டதை இப்பவாச்சும் கேக்கட்டும்."

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த இரண்டு பேர் அப்படியே நின்றார்கள். மாப்பிள்ளை கீழே யாரையோ வண்டிக்காகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார். சின்னவள் அக்காவின் கையை விடவில்லை. பெரியவளின் உதடு மட்டும் அசைந்தது.

மின்விசிறி சத்தத்தில் கேட்காது என்று சொல்லிக்கொண்டே பக்கத்து வீட்டம்மா எழுந்து போய் சுவிட்சை அணைத்தாள். அது உடனே நிற்கவில்லை. மூன்று இறக்கைகளும் தனித்தனியாகத் தெரிகிறவரை எல்லோரும் காத்திருந்தார்கள்.